பெரியம்மாவின் டிரெஸ்ஸிங் டேபிளும் பச்சைக் கோட்டும்: பெயின்ட் அடிப்பதா, வெட்டித் தைப்பதா?

கேள்வி: நிலைக்கண்ணாடி

எல்லோருக்கும் வணக்கம். பெரியம்மா தவறி ஒன்பது மாதம் ஆகிறது. வீட்டைக் காலி செய்தபோது அவருடைய டிரெஸ்ஸிங் டேபிள் என் பங்குக்கு வந்தது. சின்ன வயதில் அதன் முன்னால் நின்றுதான் தலை சீவிக்கொள்வேன். அதனால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அது இருக்கும் நிலை: கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். மேல்பலகையில் டம்ளர் வைத்த மாதிரி இரண்டு வெள்ளை வளையங்கள். வலது மூலையில் கட்டை விரல் நகம் அளவுக்கு மேல்தோல் பிரிந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ரசம் போய்க் கறுப்புப் புள்ளிகள். டிராயர் மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பித்தளைக் கைப்பிடி. நடு டிராயர் பாதி தூரம் வந்து சிக்கிக்கொள்ளும். எதைத் திறந்தாலும் அந்துருண்டை வாசனை.

கீழ் டிராயரில் துணிகளும் இருந்தன. கரும்பச்சையில் ஒரு கம்பளிக் கோட், இடுப்பில் பெல்ட் வைத்த இரண்டு கவுன்கள். கோட் எனக்குத் தோளில் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் கெண்டைக்கால் வரை தொங்குகிறது. முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகள்.

என் அறை சின்னது, சுவரெல்லாம் வெள்ளை. மேசையைத் தேய்த்து வெள்ளை பெயின்ட் அடித்து, கைப்பிடியை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கோட்டை இடுப்பு வரை வெட்டி ஜாக்கெட் ஆக்கலாம் என்றும். தம்பி "ஒரு நாள் வேலை, நான் மெஷின் கொண்டு வருகிறேன்" என்கிறான். நேற்று உப்புத்தாளைக் கையில் எடுத்து உட்கார்ந்தும் விட்டேன். ஆனால் தேய்க்கக் கை வரவில்லை.

எனக்கு இவை காட்சிப் பொருளாக வேண்டாம். தினமும் அந்த மேசையைப் பயன்படுத்த வேண்டும், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டும். அதே சமயம் நாடகத்துக்கு வேஷம் கட்டின மாதிரியும் தெரியக் கூடாது. என்ன செய்யலாம்? எத்தனை வருடத்துப் பொருள்கள் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: வண்ணக்கிண்ணம்

என் ஓட்டு பெயின்ட்டுக்கு. பழைய சாமான் என்பதாலேயே அதைத் தொடக் கூடாது என்று இல்லை. இருண்டு கிடக்கும் மேசை சின்ன அறையை இன்னும் சின்னதாக்கும். பிடிக்காத நிறத்தில் இருந்தால் நாலு மாதத்தில் அதன்மேல் துணியை மடித்துக் குவிப்பீர்கள், அப்புறம் பரணுக்குப் போகும். பிடித்த நிறம் இருந்தால் தினமும் துடைப்பீர்கள்.

சாக் பெயின்ட் என்று கிடைக்கிறது. ஆனி ஸ்லோன் என்பவர் 1990இல் கொண்டுவந்தது, இப்போது பல கம்பெனிகள் அந்த மாதிரி செய்கின்றன. அதற்குப் பெரிதாகத் தேய்க்க வேண்டியதில்லை, சுத்தமாகத் துடைத்துவிட்டு அடிக்கலாம். மேலே மெழுகு பூசினால் போதும். நான் ஐந்து சாமான்களுக்கு அடித்திருக்கிறேன், எதற்கும் வருத்தப்படவில்லை.

பதில்: வஜ்ஜிரம்

நிலைக்கண்ணாடி, உப்புத்தாளைக் கீழே வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். மெஷினைத் தயவுசெய்து வரவிடாதீர்கள்.

இருபத்திரண்டு வருடமாகப் பழைய மரச்சாமான்களைச் சரி செய்கிறேன். தொடங்கிய காலத்தில் எனக்கு ஓர் எழுதும் மேசை கிடைத்தது. உங்களுடையது போலவே கறுத்துப்போனது. மெஷினை வைத்துத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் நடுவில் காசு அளவுக்கு வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. அழுக்கு போய் மரம் வெளுக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதானது. ரேகை வேறு திசையில் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: மேலே ஒட்டியிருந்த வெனீர், அதாவது நல்ல மரத்தின் மெல்லிய தகடு, தீர்ந்து, அடியில் இருந்த மட்ட மரம் வெளியே வந்துவிட்டது. அதற்கு மருந்தே கிடையாது. அந்த மேசை இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. விற்க மனசு ஒப்பவில்லை.

உங்கள் மேசையின் மூலையில் தோல் மாதிரி பிரிந்து நிற்கிறது என்றீர்களே, அதுதான் வெனீர். இன்றைய வெனீர் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் கனம்தான். ரம்பத்தால் அறுத்து ஒட்டிய பழையது 1 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கும். இரண்டுமே மெஷினுக்குத் தாங்காது.

அதனால் முதல் வேலை, மேலே பூசியிருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. மேசையின் பின்காலில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு வையுங்கள். அரை நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் தேன் நிறம் இறங்கினால் அது செல்லாக், அதாவது நம் அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் விடும் பிசினைச் சுத்தம் செய்து ஸ்பிரிட்டில் கரைத்தால் அதுதான் பழைய பாலிஷ். (78 சுற்று இசைத்தட்டுகளும் ஒரு காலத்தில் இதே அரக்கில்தான் செய்யப்பட்டன.) 1920களில் தொழிற்சாலைகள் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற செயற்கைப் பூச்சுக்கு மாறத் தொடங்கும் வரை நல்ல சாமான்களில் அரக்குதான் அதிகம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பின்னால் யாரோ வார்னிஷோ பாலியூரித்தேனோ அடித்திருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் வெள்ளை வளையங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு அரக்கு என்றே தோன்றுகிறது. பூச்சுக்குள் ஈரம் போய் உட்கார்ந்தால் அப்படி வெளுக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அரக்கில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எத்தனை வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் திரும்ப இளகும். அதனால் சுரண்டி எடுக்கவே வேண்டாம், இருப்பதையே இளக்கிச் சமன் செய்யலாம். முதலில் டர்பன்டைனில் நனைத்த துணியால் மேலே படிந்திருக்கும் பழைய மெழுகையும் புகையையும் எடுங்கள். அது அரக்கைக் கரைக்காது. துணி கறுப்பாக வரும், மாற்றி மாற்றித் துடையுங்கள். பாதி இருட்டு இதிலேயே போய்விடும். கறுத்த மேசைகள் பல இந்த ஒரு கட்டத்திலேயே சிவப்பாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது சந்தோஷம்தான். அப்புறம் பழைய பருத்தித் துணியை உருண்டையாகச் சுருட்டி, ஸ்பிரிட்டில் தொட்டு, பிழிந்து, கிட்டத்தட்ட காய்ந்த பதத்தில் வளையத்தின் மேல் ஓட விடுங்கள். விமானம் தரையைத் தொட்டு எழும்புகிற மாதிரி. ஓரிடத்தில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்க்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு எப்போதாவது ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

மூலையில் தூக்கிய வெனீர்: அந்தக் காலத்துப் பசை பெரும்பாலும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்கள். என் பெயரும் அதனால்தான். சூடும் ஈரமும் பட்டால் அது திரும்ப உயிர்பெறும். ஈரத்துணியை மடித்து வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில வினாடிகள் வைத்து எடுங்கள். மெழுகுத்தாளை மேலே போட்டு, ஒரு பலகை, அதன்மேல் கனமான புத்தகங்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். சூட்டில் பாலிஷ் கொஞ்சம் வெளுக்கும், பயப்படாதீர்கள், ஸ்பிரிட் துணியால் திரும்ப எடுத்துவிடலாம். ஒட்டவில்லை என்றால் மெல்லிய கத்தியால் புதுப் பசையை உள்ளே தள்ளி அழுத்துங்கள்.

வயதைக் கேட்டீர்கள். டிராயரை முழுதாக வெளியே எடுத்துப் பக்கவாட்டுப் பலகை முன்பலகையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். புறாவின் வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். பற்கள் சமமில்லாமல், அவற்றின் அடியில் அளவுக்குக் கீறிய மெல்லிய கோடு தெரிந்தால் கைவேலை. அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் இயந்திர வேலை, அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னால் இருக்காது. அப்புறம் திருகாணி. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகாணி 1930களின் நடுவில்தான் வந்தது. கழற்றவே படாத இடத்தில் அது இருந்தால் மேசையும் அதற்குப் பிந்தியது. ஒற்றைக் கோடு திருகாணி இருப்பதை வைத்து மட்டும் பழையது என்று சொல்லிவிட முடியாது, அது இன்றும் கிடைக்கிறது.

கண்ணாடியை அப்படியே விடுங்கள் என்பேன். ரசம் போனது என்று நாம் சொல்வதற்குக் காரணமே ஒரு காலத்தில் பின்னால் பாதரசமும் வெள்ளீயமும்தான் பூசினார்கள். 1835இல் லீபிக் என்ற வேதியியலாளர் வெள்ளியைக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு மெல்ல மெல்ல வெள்ளிக்கு மாறினார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. துடைக்கும்போது கண்ணாடி மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். அது கீழ் ஓரத்துக்கு வழிந்து பின்னால் ஏறுவதால்தான் அந்தக் கறுப்புப் புள்ளிகள். துணியில் தொட்டுத் துடையுங்கள்.

வண்ணக்கிண்ணம் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மைக்கா ஒட்டிய சாமான் என்றால் நானே பெயின்ட் அடிப்பேன். ஆனால் இந்த மாதிரி மரத்தின் மேல் நேராக வெள்ளை அடித்தால் கொஞ்ச நாளில் மஞ்சளாகக் கறை கசிந்து வரும். அரக்கு பிரைமரை அடிப்பூச்சாக ஒரு கை போட்டால்தான் கறை நிற்கும். ஏற்கெனவே பெயின்ட் அடித்த பழைய சாமானைத் தேய்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் அதை 1978இல்தான் தடுத்தார்கள். உலர்வாகத் தேய்த்த தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பரிசோதனைக் குச்சி வாங்கிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

துடைக்க ஆரம்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் மேசையின் முன் உட்கார்ந்து, பாலிஷ் எங்கெல்லாம் தேய்ந்து மரம் தெரிகிறது என்று பாருங்கள். கைப்பிடியைச் சுற்றி, டிராயரின் மேல்விளிம்பு, மேசையின் முன் ஓரம். வளையம் வேறு, அது கவனக்குறைவால் வந்தது, எடுத்துவிடலாம். கை பட்டுத் தேய்ந்த இடத்தைச் சமன் செய்ய வேண்டாம். மெழுகு மட்டும் போடுங்கள்.

பதில்: ஊசிக்காது

மேசைக்கு வஜ்ஜிரம் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் துணிக்கு வருகிறேன்.

முதலில் அந்த இரண்டு ஓட்டைகள். அது அந்துப்பூச்சி வேலையாக இருந்தால் மற்ற உடைகளுக்கும் பரவும். தின்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளி, பட்டு, மென்முடி இவைதான் அதற்குச் சாப்பாடு, அதிலும் வியர்வை படிந்த இடம் என்றால் இன்னும் பிரியம். கோட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் துணியில் ஈரம் கோக்காது. அப்புறம் நிழலில் காற்றோட்டமாக நாலைந்து நாள் தொங்கவிட்டால் அந்துருண்டை வாசனையும் குறையும். ட்ரை கிளீனிங் கொடுப்பதாக இருந்தால் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பழைய பிளாஸ்டிக் சில அந்தத் திரவத்தில் இளகிவிடும்.

வெட்டுவது பற்றி. தோள் கச்சிதம் என்றீர்களே, அது பெரிய அதிர்ஷ்டம். கோட்டில் திருத்தக் கஷ்டமான இடம் தோள்தான். நீளமும் இடுப்பும் சுலபம். அதனால் வெட்டவே வேண்டாம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்படி உள்ளே மடித்து, பெரிய பெரிய தையலாகக் கையால் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் போட்ட பிறகு பிடித்தால் நெருக்கமாகத் தையுங்கள். பிடிக்காவிட்டால் நூலைப் பிரித்தால் பழையபடி. இடுப்பு வரை வெட்டினால் பாக்கெட்டும் போய்விடும், கீழ்ப்பக்கத்து விரிவும் போய்விடும். அந்த விரிவுக்காகத்தான் அதை அந்த நீளத்தில் வெட்டியிருப்பார்கள்.

ஓட்டைக்கு நூல் வேண்டுமே என்று கடைக்குப் போகாதீர்கள். கோட்டின் உள்மடிப்பில் தையல் ஓரமாக நிறையத் துணி விட்டிருப்பார்கள், அதிலிருந்தே நாலு இழை உருவுங்கள். அதே நிறம், அதே வெளுப்பு. ஓட்டையின் ஒரு பக்கம் நெட்டாக ஓட்டி, குறுக்கே ஒன்று விட்டு ஒன்று எடுத்து நெய்து வாருங்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள், சுருங்கும்.

கவுன்களின் வயதுக்கு ஜிப்பைப் பாருங்கள். உலோக ஜிப் பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் 1950களோ அதற்கு முன்போ. நைலான் ஜிப் பரவலானது 1960களில். துவைக்கும் முறை எழுதிய லேபிள் அமெரிக்காவில் கட்டாயமானது 1970களின் தொடக்கத்தில், அது இல்லாதது ஒரு சின்னத் தடயம். இடுப்பை இறுக்கிப் பாவாடை அகலமாக விரிந்தால், கிறிஸ்டியன் டியோர் 1947இல் காட்டிய வடிவத்தின் வழி வந்தது. துணி என்னவென்று தெரியாவிட்டால் உள்ளிருந்து ஓர் இழை எடுத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் என்றால் கம்பளியோ பட்டோ. காகிதம் போல் எரிந்தால் பருத்தி. உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர்.

லேபிளில் இருக்கும் சைஸ் எண்ணை நம்பவே வேண்டாம், அந்த எண்கள் காலத்துக்குக் காலம் மாறிவிட்டன. உங்களுக்குப் பொருந்தும் உடையைத் தரையில் விரித்து அளந்து, இதையும் விரித்து அளந்து ஒப்பிடுங்கள்.

வேஷம் மாதிரி தெரியுமோ என்ற கவலைக்கு: ஒரு நேரத்தில் ஒரு பழையது. கோட் போட்டால் உள்ளே உங்கள் சாதாரண பேன்ட், சாதாரண ஷூ, தலைமுடி வழக்கம்போல. கோட், கவுன், கையுறை, தலையலங்காரம் எல்லாம் ஒரே காலத்ததாகப் போட்டால்தான் வேஷம். நான் என் பழைய ஜாக்கெட்டை ஜீன்ஸோடுதான் போடுகிறேன், பதினொரு வருடமாக.

கோட்டின் பாக்கெட் வாய், கைமுனை, முழங்கை மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். அங்கேதான் முதலில் நையும்.

நிலைக்கண்ணாடி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். பின்காலில் ஸ்பிரிட் வைத்ததும் பஞ்சு தேன் நிறமானது, அரக்குதான். டர்பன்டைன் துணி ஏழு மாற்றினேன். உள்ளே சிவந்த மரம், மேலிருந்து கீழே தீக்கொழுந்து மாதிரி ரேகை. இவ்வளவு வருடம் இது தெரியாமலே தலை சீவியிருக்கிறேன். வெள்ளை பெயின்ட் யோசனையை விட்டுவிட்டேன். வண்ணக்கிண்ணம், கோபிக்க வேண்டாம், சமையலறை அலமாரிக்கு உங்களிடம்தான் வருவேன். ஒரு வளையம் போய்விட்டது, இன்னொன்று மங்கலாக இருக்கிறது. மூலை ஒட்டிக்கொண்டது. டிராயரின் பற்கள் ஒன்றுக்கொன்று சமமில்லை, கீறிய கோடும் இருக்கிறது.

தேய்ந்த இடங்களையும் பார்த்தேன். மூன்று டிராயரிலும் இடப்பக்கக் கைப்பிடியைச் சுற்றித்தான் மரம் வெளுத்திருக்கிறது. வலப்பக்கக் கைப்பிடிகள் புதுசு மாதிரி. கோட்டிலும் இடது பாக்கெட் வாய் நைந்து, யாரோ மெல்லிசாக நெய்து மூடியிருக்கிறார்கள், நூலின் பச்சை கொஞ்சம் மாறி இருப்பதால் தெரிகிறது. வலது பாக்கெட்டில் ஒன்றுமே இல்லை. பெரியம்மாவுக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது மட்டும் வலது கையால், பள்ளியில் மாற்றிவிட்டார்கள். அதை மறந்தே போயிருந்தேன்.

ஊசிக்காது அக்கா, அந்த நெய்த இடத்தைப் பிரித்து நிறம் பொருந்தத் திரும்ப நெய்ய வேண்டுமா? எனக்கு அப்படியே விட ஆசை. வஜ்ஜிரம் அண்ணா, நடு டிராயர் இன்னும் சிக்குகிறது.

ஊசிக்காது

பிரிக்காதீர்கள். உள்பக்கம் மட்டும் மெல்லிய துணி ஒன்றை வைத்து நாலு தையல் போட்டுத் தாங்கல் கொடுங்கள், கையை விட்டால் இனி நையாது.

வஜ்ஜிரம்

சிக்கலுக்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரண்டு கைப்பிடி இருக்கும் டிராயரை ஒரு கைப்பிடியால் மட்டும் இழுத்தால் அது கோணிக்கொண்டு வரும். நாற்பது ஐம்பது வருடம் இடப்பக்கமாகவே இழுத்ததில், அடியில் டிராயர் ஓடும் சட்டம் ஒரு பக்கம் பள்ளமாகியிருக்கும். டிராயரை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், விரலுக்கே தெரியும். டிராயரின் அடிவிளிம்பும் அதே பக்கம் தேய்ந்திருக்கும்.

பள்ளத்தின் அளவுக்கு ஒரு மெல்லிய கெட்டி மரப்பட்டையைச் சீவி, பசை வைத்து ஒட்டுங்கள். ஆணி வேண்டாம், தலை தேய்ந்து வெளியே வந்தால் டிராயரை அறுக்கும். காய்ந்ததும் மேலே மெழுகுவர்த்தியைத் தேய்த்து விடுங்கள். வாசனை இன்னும் இருந்தால் டிராயரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, உள்பக்கம் மட்டும் நீர்த்த அரக்கு இரண்டு கை பூசுங்கள், அடங்கிவிடும்.

பட்டையை ஒட்டும் முன் பள்ளத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். எவ்வளவு கனம் சீவ வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.